மாங்காய் வண்டிகள் நின்ற வரிசை

போன வாரம் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு ஏசி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடி திறக்காத பஸ். வெளியே எதைக் காய்ச்சினாலும் எதை எரித்தாலும் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. புத்தலப்பட்டு தாண்டி ஓரிடத்தில் யாரையோ இறக்கிவிட டிரைவர் கதவைத் திறந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் வாசனை உள்ளே ஏறிவிட்டது. முன் சீட்டில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். பழுத்து, பழுத்ததையும் தாண்டிப் புளித்து, வெயிலில் வெந்த மாம்பழத் தோலின் வாசனை. நாற்றம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் நான் மூக்கை மூடவில்லை.

டிப்ளமா முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, சித்தூர் பக்கத்தில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில். வீட்டில் 'குவாலிட்டி' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் என் குவாலிட்டி கேட்டுக்கு வெளியே, ஒரு தகரக் கூரைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தது. வரும் வண்டிக்கு நம்பர் சீட்டு கொடுக்க வேண்டும். அதன் முறை வந்ததும் நாலு பழத்தை எடுத்து அறுத்துப் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். கையில் ஒரு கத்தி, கழுத்தில் அடையாள அட்டை. அந்த அட்டையை ஹாஸ்டலுக்குப் போன பிறகும் கழற்றாமல் திரிந்தேன் என்றால் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

சீசனில் பெங்களூரா பழம் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டிலிருந்து சாலையோரமாக ஏரிக்கரை வரைக்கும் நிற்கும். கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த அந்தப் பழம்தான் கூழுக்குப் போவது. உள்ளே போக இரண்டு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். அதனால் வரிசையே ஒரு ஊராகிவிடும். டிரெய்லருக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். கல் வைத்துச் சோறு பொங்குவார்கள். ஒருவர் குளிக்கப் போனால் அடுத்த வண்டிக்காரர் இவர் வண்டியையும் சேர்த்து முன்னால் தள்ளி வைப்பார். இது எங்கேயும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் தவறியவரை வரிசை மொத்தமும் கூடித் திட்டும்.

திட்டுவதில் முதலிடம் ரெட்டெப்பாவுக்கு. காணிப்பாக்கம் பக்கத்து விவசாயி, ஐம்பது தாண்டிய வயது, தலையில் எப்போதும் ஈரத் துண்டு. தாய்மொழி தெலுங்கு. எல்லைப்பக்கத்து ஆள் என்பதால் தமிழும் தடையில்லாமல் வரும். வசவுக்கு அந்த இரண்டும் போதாமல் நடுநடுவே ஏதேதோ சேர்ப்பார். அவருடைய தீராத புகார் தமிழர்களைப் பற்றித்தான்.

"அரவோள்ளு லோடு எத்திகினு வர்றதாலதாம்மா இங்க ரேட்டு விழுது. அவங்க ஊர்ல பேக்டரியே இல்லியா?" என்று என் நாற்காலிக்கு முன்னால் நின்று என்னிடமே சொல்வார். அரவம் என்றால் தமிழ்.

"நானும் அரவம்தானே?" என்பேன்.

"நீ வேற. நீ சீட்டு குடுக்கறவ."

எனக்கு அது பழகிய விஷயம். எங்கள் ஊர் நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. புத்தூர் பள்ளியில் நான் 'அரவ அம்மாயி'. வேலூரில் டிப்ளமா படிக்கப் போனபோது, இனி நம் மக்களோடு இருக்கலாம் என்று நிம்மதியாகப் போனேன். ஹாஸ்டலில் இரண்டாம் நாளே தெலுங்குக்காரி என்று கேலியாக, 'கொல்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூட்டு பொரியலில் நான் காரம் அதிகம் கேட்டேனாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நைனாவிடம், அதாவது அப்பாவிடம், போனில் அழுதேன். "துன்னுட்டு படும்மா, சரியா பூடும்" என்றார். நைனாவின் வைத்தியம் எல்லாவற்றுக்கும் அதுதான்.

புத்தூர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நைனா சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகியபோது அங்கே எலும்புக் கட்டு போட அழைத்துப் போனோம். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் மொழியில் முனகிக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் வந்தது என்று நைனாவுக்கும் கால் ஒடிந்த ஒரு தெலுங்குக்காரருக்கும் சண்டை. ஒருவரால் கையை ஓங்க முடியாது, இன்னொருவரால் எழுந்து நிற்க முடியாது. ஆனாலும் விடவில்லை. வரிசை என்றால் நம் ஆட்களுக்கு அப்படி ஒரு ஆவேசம்.

சரி, ரெட்டெப்பாவுக்கு வருகிறேன். அந்த வருஷம் அவர் வண்டிக்கு நேர் முன்னால் ஒரு மினி லாரி நின்றது. தமிழ்நாட்டு நம்பர் பலகை. கொண்டுவந்தவர் கன்னியப்பன், எல்லைக்கு அந்தப் பக்கம் பரதராமியைச் சேர்ந்தவர். அதிகம் பேசாத மனிதர். ரெட்டெப்பாவுக்குப் பேச ஆள் வேண்டும், இவருக்குப் பேச வராது. அதனாலோ என்னவோ பொருந்திப்போயிற்று. ரெட்டெப்பா தமிழர்களைத் திட்டும்போது கன்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். பொங்கிய சோற்றில் முதல் தட்டு ரெட்டெப்பாவுக்குப் போகும். அதைத் தின்றுகொண்டே மீதித் திட்டையும் முடிப்பார்.

அவர்கள் வந்து நின்ற மூன்றாம் நாள் காலையில் உள்ளே பாய்லர் மக்கர் செய்தது. பெரிய பழுது. மதியத்துக்கு மேல் மேனேஜர் கேட்டுக்கு வந்தார். இருக்கிற நீராவியில் இன்னும் இரண்டு லோடுதான் ஓட்ட முடியும், பிறகு கேட் மூடிவிடும், பாய்லர் சரியாகத் திறக்க இரண்டு மூன்று நாளாகலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்படிச் சொல்வது சுலபம். வெளியே அனல் காற்று. பழங்கள் ஏற்கெனவே மூன்று நாள் வெயில் தின்றவை. இன்னும் மூன்று நாள் என்றால் அடியில் இருக்கும் பழமெல்லாம் தண்ணீராக ஒழுகும்.

இருந்த முறைப்படி அடுத்தது வேலாயுதத்தின் வண்டி. அவர் எங்கள் நகரிப் பக்கத்துத் தமிழர். அவருக்குப் பின்னால் கன்னியப்பன். அதற்கும் பின்னால் ரெட்டெப்பா. அதாவது கன்னியப்பனோடு கேட் மூடிவிடும்.

வரிசையின் பின்பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் திரண்டு வந்தது. "மன ரைதுலுக்கு மொதல்ல! நம்ம ஜில்லா விவசாயி பழம் அழுவறப்ப வெளியூர் லோடு எதுக்கு?" அவர்களும் கெட்டவர்கள் இல்லை. கடன் வாங்கி மருந்தடித்து, பறித்து, வந்து நிற்பவர்கள். ஆளுக்கொரு வயிற்றெரிச்சல். அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. வேலாயுதத்தின் தமிழைக் கேட்டதும் முதலில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ எந்த ஊரு?"

வேலாயுதம் உடனே சட்டைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். "நகரிங்க. ஆந்திராதாங்க. என் தாத்தா காலத்துலேந்து இங்கதாங்க கீறோம்." அட்டை ஐந்தாறு கை மாறியது. தெலுங்கில் அச்சாகியிருந்த முகவரியை ஒருவர் சத்தமாகப் படித்தார். சரி, இவர் நம்மாள் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்து நடந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்த அதே வேலாயுதம், திரும்பி கன்னியப்பனைக் காட்டி, "இவருதாங்க அந்தப் பக்கம். வண்டி நம்பர பாருங்க" என்றார். அதைச் சொன்னதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அவர் வண்டி எப்படியும் உள்ளே போகப்போகிறது. ஆனால் பயந்தவன் தப்பித்ததும் செய்கிற முதல் காரியம் பல நேரங்களில் அதுதான் போலிருக்கிறது.

கூட்டம் கன்னியப்பனைச் சூழ்ந்தது. கூட்டத்தில் கொஞ்சம் இளகிய ஒருவர், "காணிப்பாக்கம் விநாயகர் மேல ஆணையா இது சித்தூர் ஜில்லா பழம்னு சொல்லு, உட்டுடறோம்" என்றார். அந்தக் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் தைரியம் வராது. ஆனால் இது கோயில் இல்லை, சாலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "என் தோட்டத்துப் பழம். தோட்டம் அந்தாண்டதான் கீது" என்றார்.

உடனே எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "அந்தச் சீட்ட ரத்து பண்ணும்மா!" நான் எழுந்து நின்று, "குடுத்த நம்பர் குடுத்ததுதான்" என்று சொன்னேன். எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. "அவளும் அரவம்தான், உட்டுக் குடுப்பாளா?" என்று யாரோ சொன்னது மட்டும் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

அப்போது ரெட்டெப்பா டிராக்டரிலிருந்து இறங்கி வந்தார். கூட்டம் வழிவிட்டது. நம்ம ஆள், திட்டுவதில் மன்னன், இனி கச்சேரி களைகட்டும் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கன்னியப்பனை வெளியே தள்ளினால் உள்ளே போகும் கடைசி வண்டி ரெட்டெப்பாவுடையது.

அவர் கூட்டத்தைப் பார்த்து, "இவன் எனக்கு முன்னாடி வந்தானா இல்லியா?" என்று கேட்டார்.

பிறகு அவரே தொடர்ந்தார்.

"நான் அரவோள்ள திட்டறவன். நாளைக்கும் திட்டுவேன், அது என் வாய். ஆனா நான் குளிக்கப் போனப்ப என் வண்டிய இவன் பாத்துகினான். இவன் சோத்த துன்னேன். இப்ப இவன வெளிய தள்ளிட்டு அந்த எடத்துல என் வண்டி போவணுமா? போவாது."

"பெத்தய்யா, உன் பழம்தான் அழுவும்" என்றார் அவர் ஊர்க்காரர் ஒருவர்.

"என் பழம். அழுவட்டும்."

இதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கூச்சல் இருந்தது. ஆனால் அதில் வேகம் போய்விட்டது. இடம் யாருக்குக் கிடைக்குமோ அவரே வேண்டாம் என்ற பிறகு மற்றவர்கள் யாருக்காகச் சண்டை போடுவது? வேலாயுதத்தின் வண்டி போயிற்று. நான் கன்னியப்பனின் பழத்தை அறுத்துப் பார்த்தேன். நல்ல பழம். மினி லாரி உள்ளே போனதும் வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடினார். மூடிய கேட்டுக்கு முன்னால் முதல் வண்டி ரெட்டெப்பாவுடையது.

கன்னியப்பன் எடைபோட்டுக் கொட்டிவிட்டுக் காலி லாரியோடு வெளியே வந்தார். நிற்கவில்லை. சாலையில் ஏறிப் போய்விட்டார். ரெட்டெப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாத்தியாம்மா? ஒரு வார்த்தை? இதுக்குத்தான் சொல்றது, அரவோள்ள நம்பாதேன்னு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் அந்த லாரி போன திசையிலேயே இருந்தது.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது காலி மினி லாரி ரெட்டெப்பாவின் டிராக்டருக்குப் பின்னால் நின்றிருந்தது. கன்னியப்பன் வீட்டுக்குப் போய், தென்னங்கீற்றும் கோணிப்பைகளும் ஏற்றிக்கொண்டு திரும்பியிருந்தார். இரண்டு பேரும் டிரெய்லர் மேல் உட்கார்ந்து, கெட்ட பழத்தைப் பொறுக்கிக் கீழே போட்டு, நல்லதைக் கீற்றுக்கு அடியில் நிழலில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் கெட்டுவிடும், அதனால் கை ஓயாமல் பொறுக்க வேண்டும். ரெட்டெப்பா வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது திட்டு கீற்று வேய்ந்த விதத்தைப் பற்றி. "அரவோள்ளுக்கு ஒரு கீத்து போடத் தெரியல."

பாய்லர் சரியாகி கேட் திறந்தபோது அவர் லோடில் முக்கால் பங்கு தேறியது. மீதியை ஆட்டுக்காரர்கள் வந்து அள்ளிப்போனார்கள்.

வேலாயுதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. சீசன் முடிவதற்குள் அவர் இன்னொரு லோடு கொண்டுவந்தார். சீட்டு வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு தானாகவே, "பாப்பா, அன்னிக்கு கூட்டத்த பாத்து எனக்கு கை கால் ஓடல. வாய் தானா பேசிடுச்சு" என்றார். அவரை வெறுக்க என்னால் முடியவில்லை. அட்டையைக் காட்டி நான் இந்த ஊர்தான் என்று நிரூபிக்கும் நிலையில் நானும் நின்றிருக்கிறேன். அவர் நின்ற இடத்தில் நின்றால் என் வாய் என்ன பேசும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரெட்டெப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். "அவ்வளவு நல்லது பண்ணிட்டு, ஏன் இன்னும் திட்டறீங்க?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்லதா? இன்னாம்மா நல்லது? லைன்ல முன்னாடி நின்னவன் முன்னாடி போறான்." கேள்வியே அவருக்குப் புரியவில்லை. மனிதர்களைப் பற்றி அவர் வைத்திருந்த கருத்து ஒரு பக்கம் இருந்தது. மனிதர்களோடு அவர் நடந்துகொண்டது வேறொரு பக்கம் இருந்தது. அவை இரண்டும் அவருக்குள் சந்தித்துக்கொண்டதே இல்லை. எனக்குத் தெரிந்த பலர் இதற்கு நேர் எதிர். கருத்தெல்லாம் சுத்தமாக இருக்கும். பக்கத்தில் இடம் விடச் சொன்னால் மட்டும் ஆள் வருகிறார் என்பார்கள்.

அடுத்த வருஷமே எனக்குத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங்கில் வேலை கிடைத்துவிட்டது. கொஞ்ச காலம் முன்பு ரெட்டெப்பாவின் மகன் என் கவுண்டருக்கு வந்தார். அப்பா தவறிவிட்டார் என்றார். தோட்டத்தை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். வரிசை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"லைனா? அதெல்லாம் இப்ப ஏது மேடம்? போன்ல பதிவு பண்ணா டைம் வரும். அந்த டைமுக்குப் போனா அரைமணில கொட்டிட்டு வந்துடலாம்."

நல்ல காரியம்தான். சாலையில் யாருடைய பழமும் அழுகுவதில்லை, வெயிலில் யாரும் பாய் விரித்துப் படுக்க வேண்டியதில்லை. பரதராமிப் பக்கத்து வண்டிகள் வருகின்றனவா என்று கேட்டேன். யோசித்தார்.

"தெரியாதே மேடம். எனக்கு முன்னாடி யாரு கொட்டறாங்க, பின்னாடி யாரு வர்றாங்கன்னு நான் பாத்ததே இல்ல."