குனிந்தது நான்தான்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போயிருந்தேன். புல்வெளி முழுக்கக் கனடா வாத்துகள். அவற்றைவிட அதிகமாக அவற்றின் எச்சம். ஒரு பெண் கறுப்பும் வெள்ளையுமான நாயொன்றை அவிழ்த்துவிட்டு மெல்ல விசிலடித்தாள். நாய் குரைக்கவில்லை. வயிறு புல்லில் உரசப் பதுங்கி, அரைவட்டமாக ஓடிப் பின்பக்கம் போய் நின்று பார்த்தது. அவ்வளவுதான், வாத்துகள் எல்லாம் ஏரிக்குள் இறங்கிவிட்டன. வாத்து கலைப்பதற்கென்றே இப்படி நாய் வைத்திருக்கிறார்களாம். "அப்பா, சோ கியூட்!" என்று மகள் போனை எடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த இன நாயைக் கண்டால் எனக்கு இன்றும் காது சுடும். ஏனென்று அவளுக்குச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, கனடாவுக்கு வந்த புதிது. மோர்னிங்சைட்டில் ஓர் அப்பார்ட்மென்டில் ஐந்து பேர் இருந்தோம். எனக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஃபக்டரி ஒன்றில் வேலை. உருகிய பிளாஸ்டிக்கின் மணம் சட்டையில் ஏறினால் எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. அதற்குள்ளும் எங்கள் சூப்பர்வைசர் டொறீனிடமிருந்து மட்டும் செம்மறி ரோமத்தின் மணம் தனியாக வரும். நாங்கள் தமிழில் கேலி செய்வோம். மூன்று நேரமும் மீன்குழம்பு காய்ச்சிவிட்டுப் போன எங்களிடமிருந்து என்ன மணம் வந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

டொறீன் வெள்ளைக்காரப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், ஒரு முழங்கால் சரியில்லை. ஸ்டவ்வில் என்ற ஊருக்கு அப்பால் சின்னப் பண்ணை, நாற்பது செம்மறிகள், மெக் என்றொரு கறுப்பு வெள்ளை நாய். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டும் இடைவேளையில் அவர் மெக்கின் படத்தைக் காட்டுவார். முன்பு வைத்திருந்தவன் அடித்து வளர்த்த நாயாம். வந்த புதிதில் யாராவது கையை ஓங்கினாலே மேசைக்கடியில் போய்விடுமாம். இரண்டு வருடமாக டொறீன் அதன் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவித்து வேலைக்குப் பழக்கியிருந்தார்.

இலையுதிர்காலத்துச் சனிக்கிழமையொன்றில் அவருடைய ஊருக்குப் பக்கத்தில் செம்மறி மேய்க்கும் நாய்களுக்கான போட்டி. என்னையும், என்னோடு அதே மெஷினில் நின்ற சிவம் அண்ணையையும் வரச் சொன்னார். சிவம் அண்ணை தன் வான் வண்டியில் ஏறியதே வேறு யோசனையில்.

"உது ஒவ்வொண்டும் இருவது கிலோ இறைச்சி தேறுமடா," என்றார் ஆடுகளைக் கண்டதும்.

"மெல்லமாக் கதையுங்கோ அண்ணை."

"ஏன், உவையளுக்குத் தமிழ் விளங்குமே?"

முதல் நாய் ஓடியதும் அவர் இறைச்சிக் கணக்கை மறந்துபோனார். நாய்க்காரர் ஒரு கம்பத்தடியில் நிற்பார். கால் மைலுக்கு அப்பால், மேட்டின் உச்சியில் ஐந்து ஆடுகள். ஒரு விசில் கேட்டதும் நாய் வயலைச் சுற்றி வளைத்துப் பறக்கும். ஆடுகளுக்குப் பின்னால் போனதும் ஓட்டத்தை விட்டுப் பூனைபோல் அடியெடுத்து வைக்கும். இடத்துக்கு ஒரு விசில், வலத்துக்கு ஒன்று, படுப்பதற்கு ஒன்று. இரண்டு வேலிப் படலைகளுக்குள்ளால் ஐந்தையும் சிதறாமல் கொண்டுவந்து பட்டியில் அடைத்துவிட்டு, நாக்கைத் தொங்கவிட்டபடி 'இன்னும் இருக்கிறதா' என்று பார்க்கும். பரிசாக ஓர் எலும்புத்துண்டுகூட இல்லை. வேலை செய்யக் கிடைத்ததே அதற்குப் பெரிய கொண்டாட்டம். நான் விசர் பிடித்தவன்போல் கை தட்டினேன். ஊரைவிட்டு வந்தபிறகு அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அந்த உற்சாகம்தான் வினையாயிற்று. மேட்டில் ஆடுகளை மறித்து நிற்க வேண்டிய ஆள் ஒருவர் வரவில்லை. டொறீன் என்னைக் கேட்டார். "நாய் வரும்போது ஒன்றும் செய்யாதே, மரம்போல நில்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்றைக்கு மெக் பின்வாங்காமல் போய்வந்தால் என்னோடு இருப்பாள். ஆட்டைக் கண்டு திரும்பி ஓடும் நாயை வைத்துப் பண்ணை நடத்த இந்த முழங்காலால் முடியாது. வேறு நாய் பார்க்கத்தான் வேண்டும்," என்றார்.

ஒன்றும் செய்யாமல் நிற்பதையே வேலையாக எனக்கு யாரும் தந்தது அந்த ஒருமுறைதான். அதையும் கெடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு நாயைப் பற்றித் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று. நாய் வந்தால் ஓடாதே, குனி. கல் கிடக்கிறதோ இல்லையோ, குனிந்தால் போதும், எந்த நாயும் திரும்பிவிடும். கனடா நாய்களுக்கு இது விளங்குவதில்லை. சிவம் அண்ணை டோர்செட் பார்க்கில் ஒரு நாய்க்கு முன்னால் குனிய, அது விளையாட்டென்று நினைத்து அவர் முகத்தை நக்கியிருக்கிறது.

மெக்குக்கு விளங்கியது. அழகாக வளைத்து ஓடிவந்த நாய், உச்சியில் ஆடுகளுக்கும் எனக்கும் நேரே வந்து, தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல் பார்த்தது. அது பார்த்தது ஆடுகளைத்தான். என் முதுகு என்னைக் கேட்காமலே வளைந்தது. கை நிலத்தைத் தொட்டது. மெக் அப்படியே நின்றது. பிறகு வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு வந்த வழியே ஓடியது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. கீழேயிருந்து டொறீனின் விசில் திரும்பத் திரும்பக் கேட்டது.

நான் இறங்கி வந்தபோது அவர் புல்லில் உட்கார்ந்து மெக்கை அணைத்துக்கொண்டிருந்தார். மேட்டில் ஏதாவது அவளைப் பயப்படுத்தியதா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒன்றுமில்லை," என்றேன். "அப்படியென்றால் பிழை என்னுடையது, அவசரப்பட்டுவிட்டேன்," என்றவர், இவ்வளவு தூரம் வந்து இதைப் பார்க்க வேண்டியதாகிவிட்டதே என்று என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

வானில் ஏறியதும் சிவம் அண்ணை சொன்னார்: "மற்றவை நாயைத்தான் பாத்தவை. நீ குனிஞ்சதை நான் கண்டனான்."

"சொல்லட்டோ அண்ணை? இப்பவும் திரும்பிப் போகலாம்."

"பேசாமல் இரு. நாயைக் கல்லால எறியிற சனம் எண்டு ஃபக்டரி முழுக்கக் கதைப்பினம். எங்கள் எல்லாருக்கும்தான் கெட்ட பேர்."

பழியை அவர் தலையில் போட எனக்கும் ஆசைதான். ஆனால் 'பேசாமல் இரு' என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவன் நான்.

இரண்டு வாரம் கழித்து, நகரத்தில் ஒரு குடும்பம் மெக்கை எடுப்பதாக டொறீன் சொன்னார். கொண்டுபோய் விட முடியுமா என்று எங்களைத்தான் கேட்டார். வழி முழுக்க மெக் பின்சீற்றின் மூலையில் எனக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தது. எட்டாம் மாடி அப்பார்ட்மென்ட், நல்ல மனிதர்கள், மெத்தைகூட வாங்கி வைத்திருந்தார்கள். மெக் நேரே பல்கனிக்குப் போய்க் கம்பிகளுக்கிடையில் தலையைத் தாழ்த்தி, கீழே நிறுத்தியிருந்த கார்களைக் கண் வெட்டாமல் பார்த்தது. அவை அசையும் என்று காத்திருந்தது. நான் ஷூவைப் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினேன்.

டொறீன் வேறு நாய் எடுக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் ஆடுகளை விற்றார், பிறகு பண்ணையையும். அவரிடமிருந்து செம்மறி மணம் வருவது நின்றுபோனது. நானும் வேறு வேலைக்கு மாறிவிட்டேன். ஃபக்டரியை இடித்துவிட்டார்கள். போட்டி நடந்த மேட்டைத் தட்டையாக்கி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். குடியிருப்பவர்களில் பாதிக்குமேல் எங்கள் ஆட்கள். போன வருடம் அங்கே ஒரு குடிபுகுதலுக்குப் போய் வாழையிலையில் சாப்பிட்டேன். அங்கே வைத்துத்தான் சிவம் அண்ணை, டொறீன் இறந்து ஆறு மாதமாகிறது என்று சொன்னார். இருபத்தைந்து வருடத்துக்குமேல் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தவன் நான். கண் கலங்கியிருக்க வேண்டும், பிறகு கலங்கவும் செய்தது. ஆனால் முதலில் வந்தது அதுவல்ல. அப்பாடா, இனிச் சொல்லத் தேவையில்லை என்று ஒரு நிம்மதி வந்தது.