பெயர் எழுதாத சீடி

மாத்தளையில் என் பக்கத்து அறையில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் விண்டோஸை மாற்றிப் போட்ட பிறகு பழைய கிராபிக்ஸ் கார்டு சரியாக வேலை செய்யவில்லை. திரையில் பதினாறு நிறங்களுக்கு மேல் வரவில்லை. அதற்கேற்ற டிரைவர் மென்பொருளைத் தேடி இருவரும் கண்டிக்குப் போனோம். மூன்றாவது கடையில் அதை ஒரு சீடியில் பதிந்து கொடுத்தார்கள்.

அது யுத்த காலம். திரும்பும்போது உக்குவளைக்கு முன்னால் ராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். என் பையில் பெயர் எழுதாத சீடியைக் கண்ட ஆமிக்காரன் என்னை இறங்கச் சொன்னான். சிங்களத்தில் எவ்வளவோ விளக்கினேன். அவன் என்னோடு வந்தவரைப் பார்த்து, இவனைத் தெரியுமா என்று கேட்டான். அவர் தெரியாது என்றார். பஸ் அவரோடு போய்விட்டது.

மூன்று மணி நேரம் கழித்துச் சீடியைத் தந்து என்னை அனுப்பினார்கள். நான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது அவர் கடை வாசலில் நின்றிருந்தார்.

"எனக்கு மூணு புள்ளைங்க தம்பி" என்றார். பிறகு, "சீடியத் திருப்பிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

நானே உட்கார்ந்து, பழைய டிரைவரை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டேன். நிறங்கள் எல்லாம் வந்தன. அவர் டீ வாங்கி வைத்தார். அவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.