என் கையால் மட்டுமே சாப்பிட்ட நாய்

போன வருஷம் என் மகள் எங்கள் இருவரையும் அந்தமானுக்கு அனுப்பி வைத்தாள். அதற்கு முன் நானும் கணவரும் ராஜபாளையத்தை விட்டுச் சேர்ந்தாற்போல இரண்டு நாள் வெளியே தங்கியதே கிடையாது. செட்டியார்பட்டியில் எங்களுக்குத் தறி ஓடுகிறது. வீட்டில் ஒரு நாய் வேறு. எங்கள் ஊர் இனம்தான், வெள்ளை வெளேரென்று நெடுநெடுவென இருக்கும்.

அந்நியர் கொடுப்பதைத் தொடாதபடி எங்கள் பக்கம் நாயைப் பழக்குவார்கள். திருட வருகிறவன் விஷம் வைத்துவிடக் கூடாதல்லவா? நான் அதிலும் ஒரு படி மேலே போய், என் கையால் மட்டுமே தின்னப் பழக்கிவிட்டேன். என் கணவர் சோறு வைத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கறித்துண்டைக் கொடுத்து நீட்டச் சொல்வேன். அது கறியைப் பார்க்காமல் என்னைப் பார்க்கும். எனக்கு ஒரே பெருமை.

பசித்தால் தின்னாமல் எங்கே போகும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மடத்தனம் என்றால் அப்படி ஒரு மடத்தனம்.

மூன்றாம் நாள்தான் அக்கா உண்மையைச் சொன்னார். தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லையாம். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் கூப்பிட்டுப் பார்த்தேன். அது கேட் வரைக்கும் ஓடிப்போய்த் தேடிவிட்டு அங்கேயே படுத்துவிட்டதாம். உடனே கிளம்பலாம் என்றால் கடல் சரியில்லை. நாங்கள் இருந்த தீவிலிருந்து போர்ட் பிளேருக்கு இரண்டு நாள் படகே விடவில்லை. எல்லோரும் அலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கடலைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

ஐந்தாம் நாள் அக்கா கூப்பிட்டார். "ஏட்டி, எந்திரிச்சா கால் தள்ளாடுது. என் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போயிருக்கான். அவுக வீட்டுலயே வச்சு குளுக்கோஸ் ஏத்துறாக. நீ வந்து சேரு" என்றார். எதற்கெடுத்தாலும் என்னைக் கேலி செய்கிற கணவர் அன்று தானே பைகளைக் கட்டி வைத்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் படகு விட்டார்கள். தேங்கிய கூட்டம், எங்களுக்கு அதற்கடுத்த நாள்தான் இடம் என்றார்கள். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கவுன்டரில் கெஞ்சினேன். அங்கே இருந்தவர் யார் என்று கேட்டார். பொய் வாயில் வரவில்லை. நாய் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அத்தனை பேர் நடுவே நின்று அழுதேன்.

அன்றைய படகுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த ஒரு அம்மா தன் கணவரோடு வந்தார். "நாங்க நாளைக்குப் போய்க்கிறோம், நீங்க போங்க" என்று கவுன்டரில் பேர் மாற்றிக் கொடுக்கச் சொன்னார். எந்த ஊர் என்றுகூட அவர் கேட்கவில்லை.

மகள் விமான டிக்கெட்டை மாற்றித் தந்தாள். சென்னையில் இறங்கி ரயில் ஏறினோம். வழியில் அக்காவுக்குப் போன் போடவே இல்லை. என்ன சொல்வாரோ என்று பயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. ஆட்டோ பிடித்து நேரே டாக்டர் வீட்டுக்குப் போனோம். நாய் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலக் கிடந்தது. என்னைக் கண்டதும் வாலை ஒரே ஒரு தடவை ஆட்டியது.

டாக்டர் வீட்டில் குழையப் பிசைந்த தயிர்சோறு கொடுத்தார்கள். அதன் வாயருகே நீட்டினேன். "தின்னுலே" என்றேன். முதலில் என் விரலை நக்கியது, பொறவு சோற்றை. நாலு வாய் உள்ளே போனதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க ஒரு நாள் படுத்துட்டா இது பட்டினி கெடந்து சாகணுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

நாய் வீட்டுக்கு வந்து தேறியதும் அக்காவின் உள்ளங்கைக்குக் கீழே என் கையை வைத்துச் சோறு கொடுக்க ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் என் கையை எடுத்துவிட்டேன். என்னைத் திரும்பிப் பார்க்காமல் அக்கா கையில் அது தின்றபோது மனசு சுருக்கென்றது உண்மைதான். ஆனால் அம்புட்டு நிம்மதியும் அன்றைக்குத்தான் வந்தது. என் பெருமைக்காக ஓர் உயிரின் பசியை என் கைக்குள் பூட்டி வைத்திருந்தேனே என்று இன்றும் கூசுகிறது. அடுத்தவர் கையில் அது வயிறாரத் தின்பதைப் பார்க்கும்போதுதான் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைகிறது.