தனகோட்டி சார் எல்லா இடத்திலும் பார்த்த கோடு

தனகோட்டி சார் போய்விட்டார்.

சற்று முன்புதான் அவருடைய சின்ன மகள் போன் செய்தாள். "அப்பா காலைல தவறிட்டாருங்க ஆன்ட்டி."

எண்பதுகளில் திருவண்ணாமலையில் ஒரே ஸ்கூலில் வேலை பார்த்தோம். அவர் மேத்ஸ், நான் ஜுவாலஜி. கொஞ்சம் கிறுக்குப் பிடித்த மனிதர்... நல்ல கிறுக்கு.

ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் காலி செய்யும்போது போட்டுவிட்டுப் போகும் பத்திரிகைகள் பழைய பேப்பர் கடைக்கு வரும். அதில் ஒன்றில்தான் சார் ‘ஃப்ராக்டல்’ என்ற வார்த்தையைப் பிடித்தார். ஒரு பொருளின் சின்னத் துண்டை எடுத்துப் பார்த்தாலும் முழுப் பொருளின் அதே உருவம் தெரியும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது அவரை விடவில்லை.

என் லேபில் கிளைக்குள் கிளையாகப் பிரியும் நுரையீரல் படத்தைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுவார். காலிஃபிளவரை வகுப்புக்கே கொண்டு போனார். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் கேட்டார், "நாம கிரிவலம் போனா ஒரு தூரம். ஒரு எறும்பு ஒவ்வொரு பாறை இடுக்குலயும் நொழஞ்சி நொழஞ்சி மலையச் சுத்துனா எவ்ளோ தூரம்?"

"இந்தப் பௌர்ணமிக்குக் கிளம்புனா எந்தப் பௌர்ணமிக்கு சார் வந்து சேரும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அதோடு நின்றிருக்கலாம்...

இன்னொரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார் ஆரம்பித்தார். "ஊரு வேற, காலனி வேற. ஊருக்குள்ள போங்க, தெருத்தெருவா வேற. காலனிக்குள்ள போனா அங்கயும் ஒருத்தருக்குக் கீழ ஒருத்தர். இந்த ஸ்டாஃப் ரூமையே பாருங்க, யார் பக்கத்துல யாரு உக்காந்து டிபன் பாக்ஸைத் தொறக்கறாங்கன்னு. சைஸ்தான் கம்மி. கோடு அதே கோடு."

எல்லோரும் டிபன் பாக்ஸுக்குள் குனிந்துகொண்டார்கள். ஜன்னலோர பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை, சார் மேல். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள் நான். "சார், நீங்க பேப்பர்ல போடற கோடு எங்க ஊர்ல முள்வேலியா நிக்குது. என்னை உதாரணம் ஆக்காதீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்புதான் டீச்சர். ஞாயித்துக்கெழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க. எங்க வீட்ல அந்தக் கோடு கெடையாது."

போனேன். தேரடி பக்கம் ஒரு சந்தில் வீடு. அவர் மனைவி நன்றாகத்தான் பேசினார். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். சாருக்கும் இரண்டு மகள்களுக்கும் எவர்சில்வர் தட்டு. எனக்கு வாழை இலை.

சார் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "இவங்களுக்கு மட்டும் ஏன் இலை?"

"விருந்தாளிக்கு இலை போடறதுதானங்க மரியாதை?" என்றார் அவர் மனைவி.

அதுவும் உண்மைதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். "இருக்கட்டும் சார், சாப்புடுங்க" என்றேன்.

அவர் சாப்பிடவில்லை. "காலைல மார்க்கெட்டுக்குப் போயி ஒரே ஒரு இலை வாங்கினு வந்தது நான்தான். அவ சொல்லல. நானாதான் வாங்கினேன். மரியாதைக்கு வாங்கினனா, வேற எதுக்காவதா... எனக்கே தெரியல டீச்சர்."

எனக்கும் தெரியவில்லை. இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன், ருசியே தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும், யாரும் சொல்லாமலே, என் கை அந்த இலையை எடுக்கப் போனது. எந்த வீட்டிலும் விருந்தாளி தன் இலையைத் தானே எடுப்பதில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

"வைங்க டீச்சர்" என்று சொல்லி அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் ஃப்ராக்டல் பேச்சையே எடுக்கவில்லை. நானாக ஒரு தடவை கேட்டேன். "கண்டுபுடிக்கறது சுலபம் டீச்சர். எங்க கைய வெச்சா மாறும்னுதான் தெரியல" என்றார்.

ஸ்கூலில் கடைசி வரை என் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். வீட்டுக்கு மட்டும் மறுபடி கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. ரெண்டு பேருக்குமே பயம்.

நாளைக் காலை எடுக்கிறார்களாம். அதே வீட்டிலிருந்து. இத்தனை வருஷப் பழக்கத்தில், இரண்டாவது தடவையாக அந்த வாசல்படி ஏறப் போகிறேன்.

வர்றேன் சார்.