தாலிக்கு முந்திய மனைவி

போன ஞாயிறு பின்னேரம் கிளேட்டனில் ஒரு வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். நானோ கணக்காளர்... மாதமோ ஜூலை. வரிக் கணக்குக் கொடுக்கும் மாதத்தில் கணக்காளரை யாராவது சும்மா தேநீருக்குக் கூப்பிடுவார்களா? எனக்குப் புத்தி வேண்டாமா?

வீட்டுக்காரர் சிவநேசன் அங்கிள். மகன் கஜனுக்கு வைகாசியில் கோயிலில் கலியாணம் நடந்தது. மருமகள் துளசி, யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே படிக்க வந்த பெண். நான் வடையைக் கடிக்கும் முன்பே அங்கிள் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, இவன் இப்ப குடும்பஸ்தன். மனுசிக்கு இன்னும் வேலை இல்லை. டாக்ஸில எவ்வளவு கழிவு வரும்?"

"ஒண்டும் வராது அங்கிள்."

"ஸ்பிரிங்வேல் மரக்கறிக் கடையில நல்லா வரும் எண்டு சொன்னவங்களே!"

பார்த்தீர்களா? வரிச் சட்டம் படித்து எனக்கு முதுகு ஒடிந்தது. இவர்களுக்கு முருங்கைக்காய் பொறுக்கும் நேரம் போதும்.

நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் கலியாணம் கட்டினாலும் அவரவர் வரி அவரவருக்கு. மனைவி வேலைக்குப் போகவில்லை என்பதற்காகக் கணவனுக்குக் கழிவு கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இயலாமை, பராமரிப்பு என்று சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். ஆனால் துணைவர் இருக்கிறாரா, அவருக்கு வருமானம் என்ன என்று கட்டாயம் சொல்ல வேண்டும். அரசாங்க மருத்துவக் காப்புக்கான மெடிகெயார் மேல்வரி, குடும்ப உதவித்தொகை எல்லாம் இருவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான்.

சொல்லிக்கொண்டே கஜனின் லேப்டாப்பில் போன வருஷ வரி ரிட்டர்னைத் திறந்தேன். துணைவர் உண்டா? 'இல்லை.'

"கலியாண ரெஜிஸ்ட்ரேஷன் எப்ப நடந்தது?"

"அது போன வருஷம் தையிலயே முடிஞ்சுது," குசினியிலிருந்து கஜனின் அம்மா, அன்ரியின் குரல். "விசாவுக்காகச் செய்தது, பிள்ளை. தாலி இந்த வைகாசியில தானே ஏறினது?"

நம்மவர் வழக்கம் தெரியும்தானே? முதலில் விசாவுக்காகப் பதிவு. மண்டபமும் நல்ல நாளும் கிடைத்த பிறகு தாலி. இடைப்பட்ட காலத்தில் துளசி இதே வீட்டில்தான் இருந்தாள் — அன்ரியின் அறையில்! விசா விண்ணப்பத்தில் அவள் மனைவி. வரிக் கணக்கில் அப்படி ஓர் ஆளே இல்லை. இரண்டையும் நிரப்பியவன் ஒரே கஜன்.

"அப்பாதான் 'நோ' எண்டு போடச் சொன்னவர்," என்றான் அவன். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை! தனக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று அப்பாவைக் கேட்கிற மாப்பிள்ளையை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

"தாலி கட்டாத பிள்ளையை மனுசி எண்டு எப்பிடிப் போடுறது? சனம் என்ன கதைக்கும்?" என்றார் அங்கிள்.

எந்தச் சனம்? வரி அதிகாரி கோயில் வாசலில் வந்து நின்று வம்பளப்பாரா?

தேநீர்க் கோப்பையோடு மூலையில் இருந்த துளசி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா... குடிவரவுக்காரர் இப்ப அந்த ரிட்டர்ன் கொப்பியைத்தான் கேட்டிருக்கினம். விசாவை மறுத்துப்போடுவினமோ?"

ஊர் வாய்க்குப் பயந்து, இந்தப் பெண் நாட்டில் இருப்பதையே பணயம் வைத்திருக்கிறார்கள். அது போதாதென்று எனக்கு வடை வேறு!

"இப்பவே திருத்தி அனுப்புவம். நாளைக்கு விசா லோயரிட்டயும் சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் குடுங்கோ," என்றேன்.

கஜனை உட்கார வைத்து 'இல்லை'யை 'ஆம்' ஆக்கி, துளசியின் பெயரையும் பிறந்த திகதியையும் போட வைத்தேன். கடைசிப் பொத்தான்தான் பாக்கி.

அன்ரி கரண்டியோடு ஓடி வந்தார். "பொறுங்கோ, பொறுங்கோ! இப்ப ராகுகாலம். அது முடிய அனுப்புவமே?"

கஜன் விரலை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். அப்பா அன்ரியைப் பார்த்தார்.

துளசி கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கஜனின் தோளுக்கு மேலாக எட்டி, தானே பொத்தானை அழுத்தினாள்.

என்னைக் கேட்டால், முகூர்த்தம் அதுதான்.