மூன்று விரல் கட்டை

செய்தி வந்தபோது நான் வலைமேல் உட்கார்ந்துகொண்டேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தேன். சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து சைக்கிளில் வந்த நம்ம அந்தோணி தூரத்திலேயே, "இன்ஸ்பெக்டர்..." என்று குரல் கொடுத்தான். சடக்கென்று வலையைச் சுருட்டி அடியில் போட்டுக்கொண்டேன். "...காலமாயிட்டாராம்" என்று கிட்டே வந்து முடித்தான். மீன் இலாகா இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் சார் ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகிறது. என் வலையும் சட்டப்படியான பெரிய கண் வலைதான். ஒளிக்க ஒன்றுமில்லை. பழக்கம்.

நம் மீனவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுது என்றார்கள். மூணாம் கிளாஸ் தாண்டாதவன் எழுத்து இது. அவரிடம் திட்டு வாங்கிய நீங்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

எங்கள் ஏரியில் மீன் குறைந்துகொண்டே வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மர்பி டவுனுக்கு விற்கக் கூடையில் தூக்கிப் போனவர்கள் துணிப்பையில் கொண்டுபோக ஆரம்பித்தோம். அதைச் சரிக்கட்ட வலைக்கண்ணை இன்னும் சின்னதாகப் பின்னினோம். விரல் நீளக் குஞ்சையும் விடவில்லை. அப்போதுதான் மீன் இலாகாவிலிருந்து சார் வந்தார். மழையில் மீன் முட்டையிடும் இரண்டு மாதம் வலையே போடக் கூடாது, மற்ற நாளில் வலைக்கண்ணில் மூன்று விரல் நுழைய வேண்டும் என்றார்.

நான் சும்மா இருப்பேனா? மீனே சாப்பிடாத சைவக்காரர், எங்களையும் பட்டினி போடறீங்களே என்று கேட்டேன். கரையே சிரித்தது.

"நான் சாப்பிடறதில்லைதான் சின்னப்பா. அதனால இதுல பொய் சொல்ல எனக்குக் காரணமில்லை. ஆனா ரெண்டு மாசம் உன் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? அதை நான் யோசிக்கலை. தப்புதான்."

ஓர் ஆபீசர் வாயால் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். அப்புறம் மேலே சண்டை போட்டு, அந்த இரண்டு மாதமும் ஏரிக்கரை பலப்படுத்தும் வேலையை எங்களுக்கே வாங்கிக் கொடுத்தார். தேசம் முழுக்க இப்படிச் செய்ய வேண்டும், தடை போடுகிறவர்கள் அடுப்புக்கும் வழி சொல்ல வேண்டும் என்று டில்லிக்கு எழுதி, எங்களுக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதையும் அதே குரலில் படித்துக் காட்டினார்.

விரல் விஷயத்தில் மட்டும் நான் விளையாடினேன். சோதனைக்கு வந்தவர் எதிரே என் சம்சாரம் ரோசம்மாளை நிறுத்தி, அவளுடைய குச்சி விரல்களை நுழைத்துக் காட்டினேன். யார் விரல் என்று சட்டத்தில் இல்லையே என்றேன். மறுநாள், மூன்று விரல் அகலத்துக்குக் கொய்யாக் கட்டை ஒன்றைச் செதுக்கிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இனிமே எல்லார் வலையையும் நீதான் அளக்கணும். உன்னை ஏமாத்த இந்தக் கரையில ஆள் இல்லை."

மூன்றாம் வருஷம் வலை இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுச் சட்டியில் கெண்டைத் தலை கொள்ளவில்லை என்று ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "ருசியா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று இந்தக் கரையில் எரிகிற அடுப்பெல்லாம் அவர் நினைவுதான். எனக்கென்று இருப்பது அந்தக் கட்டை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அவர் படத்தை மாட்டினோம். சுத்தியல் அகப்படவில்லை. கட்டையால் ஆணி அடித்தேன். படம் நேராக இருக்கிறது. கட்டையின் ஓரம் பிளந்து, இப்போது இரண்டு விரல்தான் இருக்கிறது. அங்கத்தினர்கள் யாரும் அதை வைத்து வலை அளக்க வேண்டாம்.