கொதிக்க வைக்காத கிண்ணம்

சுவிட்சைப் போட்டதும் அந்த மிஷின் 'டர்ர்ர்' என்று பிடிக்கும் பாருங்கள், அது உட்கார்ந்திருந்த பலகையும் பலகையில் கவிழ்த்திருந்த டம்ளர்களும் சேர்ந்து நடுங்கும், அந்த நடுக்கம் என் பற்கள் வரைக்கும் வந்து சேரும். வாயில் கவ்விய குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி வரும். உள்ளே இழுத்தால் தொண்டையின் அடியில் ஒரு கசப்பு ஒட்டிக்கொள்ளும், எத்தனை மிட்டாய் தின்றாலும் போகாது. எங்கள் வீட்டில் அதற்கு "பொகை மிஷினு" என்று பெயர். அக்கம்பக்கத்தில் என்னைப் "பொகை புடிக்கற புள்ள" என்றார்கள். அதில் பாதி கேலி, பாதி பரிதாபம், எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

கொல்லிமலையில் குண்டூர் நாடு என்னும் பகுதியில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே எங்கள் வீடு. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த நிமோனியாவில் என் நுரையீரல் குழாய்கள் சில விரிந்து தளர்ந்துவிட்டன. அவற்றில் சளி தேங்கும், தேங்கிய சளியில் கிருமி குடியேறும். பத்து வயதில் அப்படிக் குடியேறிய ஒன்று மாத்திரைக்கெல்லாம் மசியாமல் போகவே, மலைக்குக் கீழே எங்களைப் பார்த்துவந்த டாக்டர், கிருமியைக் கொல்லும் மருந்தை ஆவியாக்கி நேராக நெஞ்சுக்குள்ளேயே அனுப்பிவிடலாம் என்றார். காலையும் மாலையும், மூன்று மாதம், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அதன் பிறகு சளியைச் சோதிப்பார்கள். கிருமி இல்லையென்றால் நான் வழக்கம்போல வீட்டில் இருக்கலாம், இருந்தால் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் அப்பா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். "இங்க செரியாவலீன்னா புள்ளைய ராசிபுரத்துல எங்கக்கா ஊட்டுல உட்டர்லாம், அங்க ஆஸ்பத்திரியும் பக்கம்." பஸ் எழுபது வளைவும் ஏறி முடிக்கும்வரை அம்மா என் கையை விடவேயில்லை.

மருந்து கலக்குவதை நர்ஸ் ஒரே ஒரு முறைதான் செய்து காட்டினார். ஐந்தாவது வரை படித்த அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். முதலில் மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்தை ஆவி பிடித்து, நான் குப்புறப் படுத்து முதுகில் தட்டு வாங்கி, சளியைத் துப்பி முடித்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் அசல் மருந்து. கட்டைவிரல் பருமன் கண்ணாடிக் குப்பியில் அது வெறும் தூளாக அடியில் கிடக்கும். அம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியில் ஒற்றி, குப்பியின் ரப்பர் மூடியைப் பஞ்சால் துடைத்து, அதற்கென்று கொடுத்த உப்புத் தண்ணீரை ஊசியில் அளந்தெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறக்குவாள். குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைத்துவிடும், நுரை அடங்கும்வரை மருந்தை அளந்து எடுக்க முடியாது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெள்ள உருட்ட வேண்டும். தூள் கரைந்து தெளியும்வரை அம்மா உருட்டுவாள், நான் "ஆச்சாம்மா, ஆச்சாம்மா" என்று கால் மாற்றி மாற்றி நிற்பேன். "பதறாத கண்ணு, இதென்ன ரசமா, தாளிச்சு எறக்கறதுக்கு?" என்பாள்.

என்னால் பதறாமல் இருக்க முடியாது. நான் ஓரிடத்தில் உட்காரும் பிள்ளையே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சை ஆட்டி ஆட்டி ஆணியைக் கழற்றியவள். அப்படிப்பட்டவளை ஜன்னல் பக்கம் நிமிர்ந்து உட்காரவைத்து, பேசாதே, படுக்காதே, குழாயை விடாதே என்று இருபது நிமிஷம் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்? மருந்து மற்றவர்களின் மூச்சில் போகக் கூடாது என்று ஜன்னலைத் திறந்து வைப்பார்கள், அந்த ஜன்னல் வழியாகத்தான் அறுத்த வயலில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் கூச்சல் வந்து என்னைப் பிடுங்கும். நடுவில் கரண்ட் போனால் போயிற்று, அது வரும்வரை பாதி மருந்தோடு காத்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வரும், கோபமும் வரும், யார்மேல் என்றுதான் தெரியாது.

ஆவி பிடித்து முடித்தாலும் விடுதலை இல்லை. மருந்து ஊற்றும் கிண்ணம், அதன் மூடி, உள்ளே இருக்கும் சின்னக் கூம்பு, வாயில் வைக்கும் குழாய் எல்லாவற்றையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, இதற்கென்றே வைத்த பாத்திரத்தில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவைக்க வேண்டும். இதுவும் அம்மாவின் வேலைதான், மிளகு பறிப்பு தொடங்கும்வரை. தொடங்கிய பிறகு சாயங்காலம் எனக்கு மருந்தைக் கலந்து மிஷினைப் போட்டுவிட்டு, காய்ந்த மிளகை அள்ளி உள்ளே போடக் களத்துக்கு ஓடுவாள். "கழுவிக் கொதிக்க வெச்சுட்டு வெளையாடப் போ கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவாள். பத்து வயதுப் பிள்ளையை நம்பினாள்.

வீட்டின் பின்புறம், மேட்டிலிருந்த ஊற்றிலிருந்து அப்பா கருப்பு ஹோஸ் போட்டுக் கொண்டுவந்த தண்ணீர் பகலெல்லாம் கொட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் மலையில் ஊற்றுத் தண்ணீரைக் குறை சொன்னவரை யாரும் லேசில் விடமாட்டார்கள். கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேனில் பிடித்துக்கொண்டு போவார்கள், அப்பா அவர்களிடம், "நம்ம ஊத்துத் தண்ணிய உட மருந்து ஏதுங்க" என்பார். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். கொதிக்க வைப்பது கீழ் ஊர்க்காரர்களின் குழாய்த் தண்ணீருக்குத்தானே, நம் தண்ணீருக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஹோஸில் நாலு அலசு அலசி வெள்ளைத் துணியில் பரப்பிவிட்டு வயலுக்கு ஓடினேன். ராத்திரி அம்மா "கொதிக்க வெச்சியா கண்ணு?" என்றாள். "வெச்சேம்மா" என்றேன். மறுநாளிலிருந்து அவள் சந்தேகப்படக் கூடாது என்று கொதிக்க வைக்கும் பாத்திரத்தையும் நனைத்துக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினேன். மிளகு முடியும்வரை ஒவ்வொரு சாயங்காலமும் இதே கதைதான்.

சோதனையில் கிருமி போகவில்லை, முன்னைவிட அதிகமாகவே இருந்தது. டாக்டர் யாரையும் திட்டவில்லை. மருந்தை யார் கலக்குகிறீர்கள், கிண்ணத்தை யார் கழுவுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முன்னால் பிள்ளையிடம் விட்டேன் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. "நாந்தானுங்க, எல்லாம் நாந்தானுங்க" என்றாள். இந்தக் கிருமிக்கு ஈரம்தான் வீடு, குழாய், தொட்டி, ஓடுகிற தண்ணீர் எதிலும் இருக்கும், அதனால்தான் கொதிக்க வைக்கச் சொல்கிறோம் என்றார் டாக்டர். எல்லாம் சரியாகச் செய்தாலும் சில சமயம் திரும்ப வந்துவிடும் என்றும் சொன்னார். அப்பா முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். நாற்காலியில் ஆட்டிக்கொண்டிருந்த என் கால்கள் நின்றுவிட்டன. என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா அம்மாவிடம், "ஒரு கிண்ணத்தச் சுத்தமா வெக்கத் தெரியில, நீயெல்லாம் என்ன பொம்பள?" என்றார். அன்றைக்கே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம் கேட்டாள். "நீ தெனமும் கொதிக்க வெச்சீல்ல கண்ணு?" அதுதான் எனக்குக் கிடைத்த வாய்ப்பு. "வெச்சேன்" என்றேன். அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப கலக்கறப்பத்தான் எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றாள்.

இரண்டு வாரம் முடிந்து என்னை ராசிபுரத்தில் அத்தை வீட்டில் விட்டார்கள். இரண்டு வருஷம் இருந்தேன். அத்தை நல்லவர், எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொதிக்க வைத்தார், அடுத்த சோதனையிலேயே கிருமி போய்விட்டது. அப்பா அதை ஊரெல்லாம் சொன்னார். அம்மா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் குச்சிக்கிழங்கும் வாழைப்பழமும் தூக்கிக்கொண்டு வருவாள், தலை வாரிவிடுவாள், மருந்து நேரம் வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். நான் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவள் குப்பியைத் தொடவில்லை. நானே கலக்கிக்கொண்டேன்.

இன்றைக்கு நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். மிஷின் என் கைப்பைக்குள் அடங்கிவிடுகிறது, சத்தமே கிடையாது, டம்ளர்கள் ஆடுவதில்லை. பழைய மிஷினை எப்போதோ பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்கள். ஹோஸும் இல்லை, பஞ்சாயத்துக் குழாய் வந்த பிறகு அதைச் சுருட்டி எங்கேயோ போட்டாயிற்று. அப்பாவின் குரலும் இறங்கிவிட்டது. என் பதற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மிளகுப் பருவத்தில் மறுபடி நெஞ்சில் சளி கட்ட, லீவு போட்டு ஊருக்குப் போனேன். சமையலறையில் நின்று குப்பியை உருட்டிக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஒரு நிமிஷம் உருட்டிக்கொண்டிரு என்று குப்பியை அம்மாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேண்டாங் கண்ணு, என்ற கை பட்டா உனக்கு ஆவாது."

போன் அடித்து ஓய்ந்தது. நான் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்புக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஹோஸை, நனைத்துக் கவிழ்த்த பாத்திரத்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்ன பொய்யை. திட்டுவாள், அழுவாள், இல்லை சின்னப் பிள்ளைதானே என்று மன்னிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் கலக்குனது செரியாத்தான் இருந்துச்சா?"

"செரியாத்தாம்மா இருந்துச்சு. தப்பு என்னுது."

டாக்டர் சொன்ன மறுபாதியை, எல்லாம் சரியாக இருந்தாலும் வந்திருக்கலாம் என்பதை, சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். அந்த வயதில் அவ்வளவு வேகமாக நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. அப்பா ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எறங்குங்க. புள்ள ஒண்ணு சொல்லோணுமாம்."

அவர் இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த பையை அவிழ்த்துக் கீழே வைத்தார். சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்து பையின் வாயைச் சரிசெய்யத் தொடங்கினார்.

அம்மா என் மணிக்கட்டை விடவில்லை.

"அவருக்குக் காது செரியாக் கேக்கறதில்ல, இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றாள்.

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.